டான் கசெர்ட்டாவின் கவிழ்ந்த கோப்பை

தொண்ணூற்றைந்தாம் வருஷக் குளிர்காலத்தில் புரூக்ளினில் டான்களுக்குப் பஞ்சமே இல்லை. சிசிலித் தீவைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தாலும் அத்தனை பேர் அகப்பட்டிருக்க மாட்டார்கள். ஃபுல்டன் தெருவில் நின்று "டான்" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர், முடிவெட்டும் கடையில் மூன்று பேர், கோழி வறுவல் கடை வரிசையில் ஒருவன் என்று திரும்பிப் பார்ப்பார்கள். எல்லாரும் ராப் பாடுகிற கறுப்புப் பிள்ளைகள். ஒருத்தனுக்கும் இத்தாலிய மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். யாரோ ஒருத்தன் முதலில் தன் பாட்டில் தன்னை டான், அதாவது இத்தாலிய மாஃபியாத் தலைவன், என்று சொல்லிக்கொண்டான். பாட்டு நன்றாக இருந்தது. அடுத்தவன் சும்மா இருப்பானா? அவன் தன் டானுக்கு ஓர் உல்லாசப் படகு வாங்கிக் கொடுத்தான். அதற்கடுத்தவன் பந்தயக் குதிரை சேர்த்தான். நான்காமவன் கியூபச் சுருட்டைப் பற்ற வைத்தான். இவர்களில் ஒருவனும் ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற படகைத் தவிர வேறு படகில் கால் வைத்ததில்லை. குதிரையைப் பார்த்ததெல்லாம் அதன்மேல் போலீஸ்காரர் உட்கார்ந்து வரும்போதுதான்.

எவர்ட்டன் பிரெய்த்வெய்ட் இருபத்திரண்டு வயதில் டான் கசெர்ட்டா ஆனது இந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான். பார்படோஸ் தீவிலிருந்து வந்த குடும்பம். அப்பா இல்லை, அவனுக்கு ஏழு வயதாகும்போது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். 'கசெர்ட்டா' என்ற பெயரை அவன் எடுத்தது ஒரு ரொட்டிக் கடைச் சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து. அந்த ஊர் இத்தாலியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றுவரை அவன் விசாரிக்கவில்லை.

ரொட்டிக் கடை என்றேன் அல்லவா, அதுதான் அவனுடைய ரகசியம். பென்சன்ஹர்ஸ்ட்டில் பதினெட்டாம் அவென்யூவில் ஃபிலொமினா அம்மாளின் ரொட்டிக் கடையில் எவர்ட்டன் வண்டி ஓட்டினான். ஒரு காலத்தில் அவன் அப்பா பார்த்த அதே வேலை. அந்தப் பழக்கத்தில்தான் அவனுக்கும் கிடைத்தது. விடியும்போது ரொட்டியை ஏற்றிக்கொண்டு போய் ஹோட்டல்களில் இறக்கிவிட்டு வருவான். இதைப் பாட்டுக்கார நண்பர்களிடம் அவன் மூச்சு விட்டதில்லை. காலையில் எங்கேடா போகிறாய் என்று கேட்டால், தொழில் விஷயம், கேட்காதே என்பான். ஒருநாள் அவன் கோட்டுக் கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்ததை ஒருத்தன் பார்த்துவிட்டான். ரொட்டி மாவு. பார்த்தவன் வேறு எதையோ நினைத்துக்கொண்டு, மரியாதையாக இரண்டடி தள்ளி நின்று பேசினான். எவர்ட்டனும் அதைத் திருத்தப் போகவில்லை. வலிய வருகிற மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்?

அந்தக் கடையின் கடைசி மேசையில் தினமும் ஒரு பெரியவர் வந்து உட்காருவார். பெயர் கயெத்தானோ லொமூத்தோ. சாம்பல் நிறத் தொப்பி, சுண்டு விரலில் மோதிரம், மேல்கோட்டைத் தோளில் மட்டும் போட்டுக்கொண்டு வருவார். உள்ளே நுழைகிறவர்கள் எல்லாம் முதலில் அவரிடம் போய்க் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் ரொட்டி வாங்குவார்கள். எவர்ட்டனுக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மற்ற பயல்கள் எல்லாம் சினிமாவில் பார்த்த டானைப் பாடிக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் அசல் டான் காலை ஒன்பது மணிக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவன் வாயே திறக்காமல் அவரை வேடிக்கை பார்த்தான். காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசப் பயம்.

பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கோப்பைக் காப்பி குடிப்பார். குடித்து முடித்ததும் கோப்பையைச் சாஸரின்மேல் மெதுவாகக் கவிழ்த்து வைப்பார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். உடனே எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். இதில் ஏதோ தீர்ப்பு இருக்கிறது என்று எவர்ட்டன் நினைத்தான். அன்று மத்தியானமே வண்டிக்குள் உட்கார்ந்து எழுதினான்:

*கறுப்புக் காரு வாசல்ல, கடைசி மேசை மூலையில,*
*கோப்பையைக் கவிழ்த்தாரு டான், கூட்டம் கலைஞ்சது வேளையில.*

இதை ஒரு கேசட்டில் பாடி, பையில் போட்டுக்கொண்டு ஃபுல்டன் தெருவில் விற்றான். அட்டையில் பெயர் அச்சடிக்கக் கையில் காசில்லை, வெறும் அட்டையோடு விற்றான். அப்போது அவனுக்குச் சளி வேறு பிடித்திருந்ததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு முடிவெட்டும் கடைக்காரர் வாங்கி, கடையில் போட்டுத் தேய்த்தார். அவ்வளவோடு அந்தக் கேசட் செத்துப்போயிற்று என்றுதான் எவர்ட்டன் நினைத்தான்.

அப்புறம்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. ஒருநாள் பெரியவர் வராதபோது, அவர் எதற்காகக் கோப்பையைக் கவிழ்க்கிறார் என்று ஃபிலொமினா அம்மாளின் மகளிடம் மெல்லக் கேட்டான். அவள் சிரித்தாள். அம்மா கேட்காமலேயே காப்பியை ஊற்றிக்கொண்டே இருப்பாளாம், அந்தக் காப்பியோ தார் மாதிரி இருக்குமாம், கோப்பையைக் கவிழ்த்தால்தான் விடுவாளாம். அப்படியானால் எதிரில் இருக்கிறவர்கள் ஏன் எழுந்து ஓடுகிறார்கள்? அடுத்தது தங்கள் கோப்பை என்று தெரியும், அதனால்தான். பெரியவர் டானும் இல்லை, டானின் தம்பியும் இல்லை. நாற்பது வருஷம் குளியலறைகளுக்கு ஓடு பதித்தவர். அந்தப் பேட்டையில் முக்கால்வாசிக் குளியலறை அவர் கை வேலை. அதற்குத்தான் முத்தம்.

எவர்ட்டன் இதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, பாட்டை யாரும் கேட்கவில்லை என்று தேற்றிக்கொண்டான்.

ஆனால் கோப்பை நடக்க ஆரம்பித்திருந்தது. முதலில் ஸ்டேட்டன் தீவுக்காரன் ஒருவன் பாட்டில் ஒரு டான் கோப்பையைக் கவிழ்த்தார். இரண்டு பேர் காணாமல் போனார்கள். பிறகு ஒரு பெண் குரலில் கவிழ்ந்தது. அந்தக் கோப்பையின் விளிம்பில் உதட்டுச்சாயம் இருந்தது. கோடை முடிவதற்குள் வானொலியில் தங்கக் கோப்பையே கவிழ்ந்துவிட்டது. கிளப்புகளில் பையன்கள் பிளாஸ்டிக் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். எவர்ட்டனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. அப்புறம் யாராவது அர்த்தம் கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

தங்கக் கோப்பைக்காரன் பெயர் மார்க்கீஸ் டோலிவர். பாட்டில் சால் பெர்கமோ. குவீன்ஸ்காரன், எவர்ட்டனைவிட ஏழெட்டு வயது மூத்தவன், ஒரு பெரிய கம்பெனியில் இசைத்தட்டு போடக் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒரே பாட்டில் ஐந்து டான்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒன்று செய்ய அவனுக்கு ஆசை வந்தது. நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு யாரோ எவர்ட்டன் பெயரைச் சொல்ல, சனிக்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லிச் செய்தி வந்தது. எவர்ட்டன் அந்த வாரம் முழுக்க ரொட்டியைத் தப்புத் தப்பான ஹோட்டல்களில் இறக்கினான்.

ஸ்டுடியோ என்பது ஜமைக்கா அவென்யூ பக்கம் ஒரு வீட்டின் கீழ்த்தளம். நடத்துகிறவன் லெம் என்று ஒருத்தன். தாளம் கட்டுவதில் கெட்டிக்காரன். பேச்சு குறைவு. அவனுக்கு இருந்த ஒரே சட்டம், ஒலிப்பதிவு மேசைப் பக்கம் காப்பியோ குளிர்பானமோ கொண்டு வரக்கூடாது என்பது. டோலிவருக்கும் ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவன் வரியைச் சுட்டவனைப் பக்கத்தில் சேர்க்க மாட்டான். ஒரே ஒரு எதுகைக்காகச் சொந்தச் சித்தி மகனைப் பாட்டிலிருந்து வெட்டி எறிந்தவன் அவன். அந்த உலகத்து நியாயமே தனி. கொலை செய்தேன், கொள்ளை அடித்தேன் என்று பாடலாம், தோளில் தட்டிக் கொடுப்பார்கள். இன்னொருத்தன் வரியைச் சுட்டான் என்று பெயர் வந்தால் நியூயார்க்கின் ஐந்து பகுதியிலும் மைக்கைக் கையில் தர ஆள் இருக்காது.

எவர்ட்டன் மைக் முன்னால் நின்று தன் பகுதியைப் பாடிக் காட்டினான். நன்றாகத்தான் பாடினான். கோப்பை கவிழ்கிற வரி வந்ததும் டோலிவர் கையை உயர்த்தினான். லெம் தாளத்தை நிறுத்தினான்.

"தம்பி, அந்தக் கோப்பை என்னோடது."

எவர்ட்டன் மைக்கை விட்டு விலகவில்லை. "இல்லண்ணே. அது என்னோடது."

"ரேடியோல பாடினது நானு. ஊரே கேட்டுச்சு. நீ எங்க பாடின, குளியலறையிலயா?"

சுவர் ஓரமாக நாற்காலியில் ஒரு பெண் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யோலாண்டா பெட்வே, ஈஸ்ட் ஃப்ளாட்புஷ்காரி, பாட்டில் டோனா ரவென்னா. அந்தக் கூட்டத்தில் வாய்க்கு அவள்தான் ராணி. அவள் டோலிவரைப் பார்த்து, அவன் ரேடியோவில் பாடுவதற்கு இரண்டு மாதம் முன்பே, தான் மேடையில் பாடும்போது முதல் வரிசையில் நின்று வாயைப் பிளந்தது யார் என்று கேட்டாள். தங்க முலாம் பூசினால் கோப்பை மாறிவிடுமா என்றாள். டோலிவர், தனக்கு அது குளிக்கும்போது தானாகத் தோன்றியது என்றான். யாரும் நம்பவில்லை.

பிறகு யோலாண்டாவும் கொஞ்சம் இறங்கி வந்தாள். தானும் அதை மூலையில் இருக்கிற ஃப்ளாய்டின் பாட்டில் கேட்ட ஞாபகம் என்றாள். ஃப்ளாய்ட்தான் ஸ்டேட்டன் தீவுக்காரன், பாட்டில் டான் லிவோர்னோ. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நாஸ்ட்ரண்ட் அவென்யூவில் முடி வெட்டிக்கொள்ளும்போது ஒரு கேசட்டில் கேட்டதாகச் சொன்னான். பெயர் இல்லாத கேசட், சளி பிடித்த குரல்.

"அது நான்தான். எனக்குத்தான் சளி" என்றான் எவர்ட்டன்.

"புரூக்ளின்ல சளி பிடிக்காதவன் யாரு?" என்றான் டோலிவர். பின்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவன் முட்டாள் இல்லை, யோசித்துத்தான் கேட்டான். "சரி, உன்னோடதாவே இருக்கட்டும். டான் எதுக்குடா கோப்பையக் கவுக்குறாரு? அதுக்கு என்ன அர்த்தம்? சொல்லு."

ஃப்ளாய்ட் முந்திக்கொண்டு, அது மரண தண்டனை என்றான். யோலாண்டா, பேச்சு முடிந்தது என்று அர்த்தம் என்றாள். நான்காவது டான், அதுவரை வாய் திறக்காதவன், வெளியே நிற்கிற டிரைவருக்கு அது சைகை என்றான். டோலிவர் எவரையும் பார்க்கவில்லை. எவர்ட்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அறையிலேயே விடை தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். சொல்லாவிட்டால் சுட்டவன் என்ற பெயரோடு படியேற வேண்டும், அதோடு பாட்டையே மூட்டை கட்டிவிடலாம். சொன்னால் டான் கசெர்ட்டா அங்கேயே காலி. காலை நேரத் தொழில் விஷயம் போகும். கோட்டுக் கையின் வெள்ளைப் பொடி போகும். போதாக்குறைக்கு, இங்கே இருக்கிற நான்கு பேரின் கோப்பையும் சேர்ந்து உடையும். ஒருத்தராவது தன்னை உதைக்காமல் விடுவார்களா என்றுகூட யோசித்தான்.

"காப்பி போதும்னு அர்த்தம்" என்றான்.

பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்துவிட்டது. ரொட்டி வண்டி, ஃபிலொமினா அம்மாள், தார்க் காப்பி, ஓடு பதிக்கிற பெரியவர், காலண்டரிலிருந்து எடுத்த பெயர், கோட்டில் ஒட்டிய மாவு. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ஃப்ளாய்டுதான் முதலில் பேசினான். "அப்ப என் பாட்டுல ரெண்டு பேரு காணாமப் போனாங்களே?"

"அவங்களும் காப்பிக்குப் பயந்துதான் போயிருப்பாங்க" என்றாள் யோலாண்டா. சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஃப்ளாய்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லெம்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

டோலிவர் சிரிக்கவில்லை. தங்கக் கோப்பை ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கிற ஆள் எப்படிச் சிரிப்பான்? தாடையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "பொய் சொல்றவன் தன்னப் பெரிய ஆளாக் காட்டித்தான்டா பொய் சொல்லுவான். ரொட்டி வண்டி ஓட்டுறேன்னு எவனும் பொய் சொல்ல மாட்டான். கோப்பை உன்னோடதுதான்."

எவர்ட்டனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதியை யோலாண்டா பிடித்து நிறுத்தினாள்.

"எங்க இவனோடது? இவனே அந்தப் பெரியவர்கிட்ட இருந்து சுட்டிருக்கான். அவரக் கேட்டியாடா நீ?"

அவன் கேட்கவில்லை. டோலிவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சட்டம் என்றால் சட்டம். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்தப் பெரியவரிடம் போய், உங்கள் கோப்பையை எடுத்துக்கொள்ளலாமா என்று முறையாகக் கேட்டு, அவர் சம்மதத்தோடு வரவேண்டும். அவர் சரி என்றால் ஐந்தாவது நாற்காலி எவர்ட்டனுக்கு. மாட்டேன் என்றால் எல்லார் பாட்டிலிருந்தும் கோப்பை வெளியே, எவர்ட்டனும் வெளியே. இதைச் சொல்லும்போது டோலிவர் விளையாட்டுக்குச் சொல்கிறானா, நிஜமாகவா என்று யாருக்கும் தெரியவில்லை. நிஜமாகத்தான் சொன்னான்.

திங்கட்கிழமை காலை ரொட்டிகளை இறக்கிவிட்டு எவர்ட்டன் கடைக்குள் வந்தபோது ஃபிலொமினா அம்மாள் கொதித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவின் இத்தாலியப் பையன்கள் நாலைந்து பேர் முன் மேசையில் உட்கார்ந்து, பாதிக் காப்பியிலேயே கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காப்பிக்கு என்ன குறை, இந்தக் காலத்துப் பயல்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று அவள் கேட்டுக்கொண்டே மேசையைத் துடைத்தாள். ரேடியோவில் கேட்டோம் என்றான் ஒருத்தன், பெருமையாக. எவர்ட்டன் அவளைக் கடந்து தலையைக் குனிந்தபடி பின்னால் போனான்.

பெரியவர் எதிரில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதியதையும், அது ஊரெல்லாம் பரவியதையும், அதில் அவரைக் கொலைகாரத் தலைவராக ஆக்கியிருப்பதையும் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான். பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எத்தனை பேரைக் கொன்றேன் என்று கேட்டார். இரண்டு பேர், ஸ்டேட்டன் தீவில், என்றான் எவர்ட்டன். பரவாயில்லை, அந்தப் பக்கம் ஒரு குளியலறைக்கு எனக்கு இன்னும் கூலி வரவில்லை என்றார்.

எவர்ட்டன் கேட்க வந்ததைக் கேட்டான். "அந்தக் கோப்பைய நான் பாட்டுல வச்சுக்கலாமா, மிஸ்டர் லொமூத்தோ? நீங்க சரின்னு சொன்னாத்தான் பாட விடுவாங்க."

"என்னை ஏன் தம்பி கேக்குற? அது என்னோடது இல்லயே."

"பின்ன யாரோடது?"

"உங்கப்பாவோடது" என்றார் பெரியவர்.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல் சொன்னார். அவர் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்த காலத்தில், ஃபிலொமினா அம்மாள் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொன்னால் அவள் முகம் வாடிவிடும், சொல்ல வாய் வராது. வருஷக்கணக்கில் அவர் வயிறு அந்தக் காப்பியில் வெந்தது. அப்போதுதான் வண்டி ஓட்டக் கிளைட், அதாவது எவர்ட்டனின் அப்பா, வந்து சேர்ந்தான். வந்த மறுநாளே ஒரு கோப்பை குடித்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அவன் ஊரில் விருந்துக்குப் போனால் அப்படித்தான் செய்வார்களாம், கவிழ்க்கிறவரை ஊற்றுவார்களாம். அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான் இந்த மேசைலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த நாள் நானும் கவுத்துட்டேன். நானும் திருட்டுப் பயதான், என்ன பண்றது? உங்கப்பன்கிட்டக் கேக்கல. கேக்கணும்னு தோணவும் இல்ல."

எவர்ட்டனுக்கு அப்பாவைப் பற்றி அதிகம் ஞாபகமில்லை. அவர் எழுந்து போகும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். வாசல் கதவு சாத்துகிற சத்தமும், கோட்டில் அடிக்கிற ரொட்டி வாசனையும்தான் அவனுக்குத் தெரிந்த அப்பா. வீட்டு அலமாரியில் அவருடைய கோப்பை ஒன்று எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். தூசி படியாமல் இருக்க அம்மா அப்படி வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். ஊரெல்லாம் இத்தாலிக்காரனுடையது என்று நம்பி முறைத்துக்கொண்டே கவிழ்க்கிற அந்தக் கோப்பை, அவன் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பை. அவனுக்கு அழுகை வந்தது. பெரியவர் எதிரில் அழ வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதான். ஃபிலொமினா அம்மாள் என்ன ஏது என்று கேட்காமல் ஒரு கோப்பைக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். தார்தான். முழுவதையும் குடித்தான்.

சனிக்கிழமை மழை. கடையிலிருந்து காகிதக் கோப்பையில் காப்பி வாங்கிக்கொண்டு எவர்ட்டன் நேரே ஸ்டுடியோவுக்குப் போனான். எல்லாரும் வந்திருந்தார்கள். பெரியவர் என்ன சொன்னார் என்று டோலிவர் கேட்டான். பாடுகிறேன், கேளுங்கள் என்றான் எவர்ட்டன். காப்பியை ஒலிப்பதிவு மேசை ஓரத்தில் வைத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றான். லெம் காப்பியை முறைத்துப் பார்த்தான். தாளம் ஓட ஆரம்பித்துவிட்டதால் ஒன்றும் சொல்லவில்லை.

*வெள்ளை மாவு சட்டையில, விடியக் காலை வண்டியில,*
*கிளைட் பிரெய்த்வெய்ட் எங்க டான், கேளு பதினெட்டாம் வீதியில;*
*போதும்னு சொல்ல வாயும் வரல, பொல்லாப்பு யாரு மேலயும் இல்ல,*
*கோப்பையக் கவுத்து வச்சாரு, கொன்னது ஒரு ஆளையும் இல்ல.*

அதற்குமேல் இன்னும் பன்னிரண்டு வரி இருந்தது. ஓடு பதிக்கிறவர் அதை எடுத்தது, அவரிடமிருந்து மகன் எடுத்தது, மகனிடமிருந்து ஊர் எடுத்தது எல்லாம் இருந்தது. கசெர்ட்டா என்ற பெயர் எங்கும் இல்லை. தாளம் முடிந்தபோது ஃப்ளாய்ட் தன் தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தான். யோலாண்டா கேலி எதுவும் சொல்லவில்லை. அவள் கேலி சொல்லாமல் இருந்தது அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக இருக்கும்.

டோலிவர் எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றான். எவர்ட்டனும் மைக்கை விட்டு வந்து காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். பாட்டில் இத்தாலி டான் யாரும் இல்லையே, டான்கள் மேசையில் இது எப்படி உட்காரும் என்று கேட்கப்போகிறான் என்றுதான் எவர்ட்டன் நினைத்தான். நாற்காலி போனாலும் போகட்டும் என்று நின்றான். டோலிவர் தரையைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு வழக்கமில்லாத குரலில் பேசினான்.

"எங்கப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவரு. முப்பது வருஷம். ஆகாசம் தொடுற கட்டடத்துக்கெல்லாம் போயிருக்காரு, ஒருநாளும் மேல ஏறி ஜன்னலப் பாத்தது இல்ல. குழிக்குள்ளயேதான் வேலை. நான் அதப் பாட்டுல சொன்னதே கெடையாது."

டோலிவர் நிமிர்ந்து எவர்ட்டனைப் பார்த்தான்.

"இப்ப சொன்னா உன்கிட்ட சுட்டதா ஆயிடும். அதான் கேக்குறேன். நான் எடுத்துக்கலாமா?"

சொந்தச் சித்தி மகனை ஓர் எதுகைக்காக வெளியே தள்ளிய மார்க்கீஸ் டோலிவர், ரொட்டி வண்டிக்காரனிடம் கைகட்டி நின்று அனுமதி கேட்டான். எவர்ட்டனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வார்த்தை வராத இடத்தில் தன் குடும்பம் என்ன செய்யும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். கையிலிருந்த காகிதக் கோப்பையை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

அதில் பாதிக் காப்பி இருந்ததை அவன் மறந்துவிட்டான். ஃபிலொமினா அம்மாளின் தார், ஒலிப்பதிவு மேசையின் பொத்தான்களுக்கு நடுவே நிதானமாக ஓடியது. லெம் வாழ்நாளில் பேசாத வார்த்தைகளை எல்லாம் பேசிக்கொண்டு துணி தேடி ஓடினான். யோலாண்டா தன் சால்வையைக் கழற்றி அணை கட்டினாள். டோலிவர் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையாமல் கவிழ்ந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், இதுக்கு என்னடா அர்த்தம்? சரின்னா, வேணாம்னா?"

"பாடுங்கண்ணே" என்றான் எவர்ட்டன்.